நாலாவது வேலி

நீதிமன்றத்துக்கு அன்று விடுமுறை. நான் வீட்டில் உட்கார்ந்து கிழிந்த தலையணை உறை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பிப் போன அக்கா, போன வேகத்தில் திரும்பி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக வந்து என் எதிரே நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்றேன்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. வேலிக்கு உயிர் வந்திருக்கு."

துள்ளிக் குதித்துச் சொல்லியிருக்க வேண்டிய சேதி. அவள் அதைத் துக்கம் சொல்ல வந்தவளைப் போலச் சொன்னாள்.

வேலி என்பது அக்காவின் துறை. இயற்பியலில் அதற்கு வாயில் நுழையாத நீளமான பெயர் ஒன்று உண்டு. அதில் இருப்பவர்கள் வேலி என்றுதான் சொல்வார்கள். நான் நீதிமன்றத்தில் தட்டச்சு செய்கிறவள். ஆனால் இத்தனை வருடம் அக்காவோடு ஒரே வீட்டில் இருந்ததில் எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். தண்ணீர் ஆவியாகும் விளிம்பிலும், சூடேறிய காந்தம் தன் இழுப்பை இழக்கும் விளிம்பிலும் சில எண்கள் வெளிப்படுகின்றனவாம். இயற்கை ஏன் அந்த எண்களைத் தேர்ந்தெடுத்தது என்பதுதான் கேள்வி. மற்றவர்கள் விடையை நேராகத் தேடிப் போவார்கள். வேலிக்காரர்கள், ஒரு கணக்கை எந்த வரிசையில் போட்டாலும் விடை மாறக்கூடாது என்ற ஒரே விதியைப் பிடித்துக்கொண்டு, விடை எங்கெல்லாம் இருக்க முடியாது என்று ஒவ்வொரு பக்கமாக அடைத்துக்கொண்டே வருவார்கள். கடைசியில் அடைபடாமல் மிஞ்சும் இடத்தில் அது இருந்தே தீர வேண்டும். தொலைந்த சாவியை வீட்டுக்குள் தேடுவது போலத்தான். சாவி என்ன வடிவத்தில் இருக்கும் என்று தேடுகிறவருக்குத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அக்கா ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த காலத்தில் அந்தத் துறை கொடிகட்டிப் பறந்தது. கருத்தரங்கு என்றால் இடம் கிடைக்காமல் படிக்கட்டில் உட்காருவார்களாம். அக்காவோடு ஒருவர் சேர்ந்தார். யார் கணக்கிலும் விட்டுப்போன கழித்தல் குறியை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார் என்பதால் அவருக்கு மைனஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வருவார். அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்த நான் அவரை மைனஸ் அண்ணன் என்பேன். என் மதிப்பெண் அட்டையைப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் குறைஞ்சா முன்னாடி என் பேரைத்தான் போடணும்" என்று கிண்டல் செய்வார். அக்காவுக்கும் அவருக்கும் நடுவே வேறு ஏதாவது இருந்ததா என்று சொந்தக்காரர்கள் என்னைக் குடைந்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து அந்தக் கணக்குதான் இருந்தது. அதுவே இரண்டு பேருக்கும் தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

இருவரும் சேர்ந்து நான்கு வேலிகள், அதாவது அப்படி அடைக்கும் நான்கு நிரூபணங்கள், போட்டார்கள். முதல் மூன்றும் சின்ன விஷயம். நாலாவதுதான் பெரியது. அந்தத் துறையின் வரைபடத்தில் ஒரு மூலை மட்டும் திறந்தே கிடந்தது. புதிதாக ஏதாவது கிடைக்குமென்றால் அங்கேதான் கிடைக்கும் என்று பெரியவர்கள் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அக்காவும் மைனஸ் அண்ணனும் அந்த மூலையை அடைத்தார்கள். அங்கே எதுவும் இருக்க முடியாது என்று நிரூபித்துவிட்டார்கள்.

அரங்கத்தில் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்களாம். கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய் யோசித்திருக்கிறார்கள். அந்த மூலையிலும் ஒன்றும் இல்லையென்றால் இனி எதைத் தேடுவது? அதே சமயத்தில் வேறொரு கொள்கை புதிய சோதனை முடிவுகளோடு வந்து எல்லாரையும் வாரிக்கொண்டு போனது. கொஞ்ச காலத்தில் வேலிக்கென்று இருந்த ஆய்விதழும் நின்றது. மைனஸ் அண்ணன் ஒருநாள் வீட்டுக்கு வந்து, தன் மாமனார் நடத்தும் சலவை ஆலையைப் பார்த்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். அக்கா அவரைத் தடுக்கவில்லை. வாசல்வரை வந்து வழியனுப்பினாள். அதன் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை. சண்டை கிடையாது. பேசுவதற்கு விஷயம் செத்துப்போயிருந்தது.

அக்கா மட்டும் அந்தத் துறையிலேயே இருந்தாள். ஏன் என்று கேட்டால், "எனக்கு வேற எதுவும் வரல" என்பாள். முதலாண்டு மாணவர்களுக்கு இயக்கவியல் நடத்தினாள். மிச்ச நேரத்தில் யாரும் கேட்காத வேலிகளைக் கையால் போட்டுக்கொண்டிருந்தாள். மாணவர்கள் அவளை வேலியம்மா என்றார்கள். துறைத் தலைவர் அவளுடைய அறையை இரண்டு முறை மாற்றி, கடைசியில் மின்தூக்கி மோட்டாருக்குப் பக்கத்து அறையில் கொண்டுபோய்ப் போட்டார். யாராவது மேலே போனாலும் கீழே வந்தாலும் அவள் மேசை அதிரும்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் அன்று காலை அந்த மின்னஞ்சல் வந்திருந்தது. எங்கோ வேறொரு நாட்டில் மூன்று பேர், வேலிக்காரர்கள் கையால் போட்ட கணக்குகளைக் கணினிக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அக்காவுக்கு வருடக்கணக்கில் ஆனதை அது ஒரு மதியத்தில் செய்துவிடுகிறது. பழைய கட்டுரைகள் ஒன்றுவிடாமல் படித்திருக்கிறார்கள். முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண்தான் அவர்களுக்குத் தலைவி. அவள் எழுதியிருந்தாள்: உங்கள் முதல் மூன்று வேலிகளும் ஆறு இலக்கம்வரை அப்படியே பொருந்துகின்றன. நாலாவது பொருந்தவில்லை. நீங்கள் அடைத்த மூலைக்குள் ஒரு சிறு இடத்தை எங்கள் கணினி அனுமதிக்கிறது. நாங்கள் அதைத் தீவு என்று சொல்லிக்கொள்கிறோம். மாதக் கடைசியில் வெளியிட இருக்கிறோம். அதற்கு முன் நீங்கள் ஏதாவது சொல்ல விரும்பினால் கேட்க ஆவலாக இருக்கிறோம்.

ரொம்ப மரியாதையான கடிதம். நான் குறுக்கு விசாரணை நிறையக் கேட்டிருக்கிறேன். அதட்டுகிற வக்கீலைவிட, "கொஞ்சம் தண்ணி குடிங்க, அவசரமே இல்ல" என்கிற வக்கீலைக் கண்டால்தான் சாட்சிகளுக்குக் கை நடுங்கும்.

"அப்போ உங்க கணக்கு தப்பா?" என்று கேட்டேன்.

"தெரியல," என்றாள் அக்கா. அப்போதுதான் செருப்பைக் கழற்றினாள்.

அன்றிலிருந்து அவள் அவளாக இல்லை. பேருந்தில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி நடந்து வந்தாள். சாப்பிடும்போது பாதியில் எழுந்து போனாள். அவள் குளித்துவிட்டு வந்த பிறகு நான் உள்ளே போனால், ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் எழுதிய குறிகள் வழிந்துகொண்டிருக்கும். அந்தக் கட்டுரையை வரிவரியாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் நன்றாகத்தான் வந்தது, நடுவில் ஒரே ஒரு வரியைத் தவிர. முடிவில்லாமல் நீளும் ஒரு தொடரின் வால்பகுதி ஓர் அளவைத் தாண்டாது என்பதற்கு அங்கே நிரூபணம் இல்லை. "எளிதில் காட்டலாம்" என்று மட்டும் எழுதியிருந்தது. அதை எழுதியவர் மைனஸ் அண்ணன். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அக்கா அன்று நம்பிவிட்டாள். இன்று அவளால் அதை எளிதிலும் காட்ட முடியவில்லை, கஷ்டப்பட்டும் காட்ட முடியவில்லை.

இது போதாதென்று துறைத் தலைவர் வேறு. எங்கோ ஒரு அறிவியல் இதழில் வேலி மறுபடி தலைதூக்குவதைப் படித்துவிட்டு, மோட்டார் அறைக்கே தேடி வந்து, "வசதியா இருக்கா மேடம்?" என்று விசாரித்திருக்கிறார். அடுத்த வாரமே சுவரொட்டி அடித்துவிட்டார்: வேலித் துறையின் வரலாறும் மறுமலர்ச்சியும், சிறப்புரை. மேலே அக்காவின் பழைய புகைப்படம்.

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

"வாய் வரல. மேடையில நிக்கிறப்போ அந்தப் பொண்ணோட கட்டுரை வெளிய வந்துட்டா, நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வரலாறு பேசுவேன்?"

நான் அவளை மைனஸ் அண்ணனிடம் போகச் சொன்னேன். இத்தனை வருடம் கழித்து இதற்காகப் போய் நிற்பதா என்று தயங்கினாள். இரண்டு நாள் யோசித்துவிட்டு, நீயும் வா என்றாள்.

அவருடைய ஆலை ஊருக்கு வெளியே தொழிற்பேட்டையில் இருந்தது. மருத்துவமனைகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் துணி வெளுக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் வெந்நீர் ஆவி முகத்தில் அடித்தது. ஆள் உயரத்துக்கு உருளை இயந்திரங்கள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. ஈர விரிப்புகள் சூடான உருளைகளுக்கு நடுவே போய் மறுபக்கம் காய்ந்து தட்டையாக வெளியே வந்தன. இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, ஒருவரையொருவர் பார்க்காமலேயே மடித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். மூலையில் கண்ணாடி அடைத்த ஓர் அறை. அங்கே இருந்தார்.

தலை முழுக்க நரைத்திருந்தது. மூக்குக்கண்ணாடி கயிற்றில் கழுத்தில் தொங்கியது. என்னைப் பார்த்து, "நீ சின்னவதானே? அப்படியே இருக்கே" என்றார். அக்காவைப் பார்த்து, "வாங்க, உட்காருங்க" என்றார்.

அக்காவை அவர் ஒருநாளும் 'வாங்க' என்று சொன்னதில்லை. அவள் உட்காருவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அக்கா விஷயத்துக்கு நேராக வந்தாள். அந்த வரியைச் சொன்னதும் அவர் சத்தமாகச் சிரித்தார். "அந்த வயசுல எல்லாமே எளிதுதான்" என்றார். பிறகு அவள் தீவைப் பற்றிச் சொன்னாள். கணினி, மூன்று பேர், மாதக் கடைசி எல்லாவற்றையும் சொன்னாள். சிரிப்பு நின்றது. அவர் எழுந்துபோய்க் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு தொழிலாளி கதவைத் திறந்து, கறை போகாத விரிப்பு ஒன்றைக் காட்டி என்ன செய்வது என்று கேட்டார். மறுபடி ஒருமுறை போடச் சொல்லி அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அது செத்துப்போச்சு," என்றார். "நாமதான் அடக்கம் பண்ணினோம். அந்த மூலையில ஒண்ணும் இல்லன்னு என் கையால நானே நிரூபிச்சேன். அதனாலதான் என்னால இங்க வந்து நிம்மதியா உட்கார முடிஞ்சுது. இப்ப வந்து அங்க ஏதோ இருக்குன்னு சொன்னா நான் என்ன பண்றது? சொல்லுங்க."

அக்கா கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள். "எனக்குப் பயமா இருக்கு" என்றாள்.

"எனக்கு மட்டும் இல்லன்னு நினைச்சீங்களா?"

அதற்கு மேல் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஞாபகம் இல்லை, புத்தகங்களெல்லாம் எப்போதோ போய்விட்டன, கணக்கு விட்டுப்போய்விட்டது என்றார். எங்கள் இருவருக்கும் தேநீர் வரவழைத்தார். வாசல்வரை வந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. பேருந்து நிறுத்தத்தில் அவரை நான் நாலு வார்த்தை திட்டினேன். அக்கா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அவன் சொல்றதுல நியாயம் இருக்கு" என்றாள்.

அடுத்த சில நாட்களில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். அந்தப் பெண்ணுக்கு ஒரு பதில் எழுத வேண்டும், பிழையில்லாமல் நீ அடித்துக் கொடு என்று என்னிடம் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு நான் அதற்குள் தீவுக்காரி என்று பெயர் வைத்திருந்தேன். அக்கா நடந்துகொண்டே சொன்னாள், நான் அடித்தேன். குறிப்பிட்ட ஒரு படியை என்னால் நிறுவ முடியவில்லை, ஆகவே நாலாவது வேலியைத் திரும்பப் பெறுகிறேன் என்ற வரி வந்தபோது நடப்பதை நிறுத்தினாள். எத்தனையோ பேர் கொடுத்த வாக்குமூலத்தைத் திரும்பப் பெறுவதை நான் தட்டச்சு செய்திருக்கிறேன். அன்று மட்டும் விரல் கனத்தது.

"அனுப்பட்டுமா?" என்றேன்.

"இரு. நாளைக்கு அனுப்பலாம்."

மறுநாளும் இரு என்றாள். அதற்கு அடுத்த நாள் சனிக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டு வாசலில் ஒரு துணி வண்டி வந்து நின்றது. மைனஸ் அண்ணன் இறங்கினார். சட்டை கசங்கியிருந்தது, சவரம் செய்யவில்லை. அவரோடு சோப்புத்தூள் வாசனையும் உள்ளே வந்தது.

"ஞாபகம் வரும்னு பார்த்தேன். வரல," என்றார் அக்காவிடம். "அதனால முதல்லேருந்து புதுசா போட்டேன். பேப்பர் இருக்கா?"

கைக்குக் கிடைத்த பழைய காலண்டர் தாள்களைத் திருப்பிப் போட்டுக் கொடுத்தேன். இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்கள். அவர் எழுத எழுத அக்கா பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தாள். முதல் தாள் முடிந்து இரண்டாவதும் முடிந்தது. தொடரின் வால் உண்மையாகவே சுருங்கிக்கொண்டு வந்தது என்று அவர்கள் முகத்தைப் பார்த்தே எனக்குப் புரிந்தது. அக்காவின் தோள் கொஞ்சம் இறங்கியது. சரி, பிழைத்தோம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போது அவள் அவருடைய பேனாவைப் பிடித்து நிறுத்தினாள்.

"நில்லு. இங்க இந்த ரெண்டையும் ஏன் சமம்னு போட்ட?"

"கண்ணாடியில பார்த்தா ரெண்டும் ஒண்ணுதானே. இடம் வலமாகும், வலம் இடமாகும், அவ்வளவுதான்."

"ஒண்ணா இருக்கணும்னு யாரு சொன்னா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு அந்த வரியைப் பார்த்தார்.

"யாரும் சொல்லல," என்றார். "எல்லாரும் அப்படித்தானே எடுத்துக்குவோம். நீயும் அப்படித்தானே எடுத்துக்கிட்ட?"

அந்தக் காலத்தில் ஒரு பொருளும் கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பமும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும் என்று வேலிக்காரர்கள் எல்லாரும் எடுத்துக்கொண்டார்களாம். அது அவ்வளவு பழகிப்போன விஷயம் என்பதால் யாரும் அதை எழுதிக்கூட வைக்கவில்லை. சாட்சிக்குத் தலை இருக்கிறது என்று நாங்கள் பதிவு செய்வதில்லை, அந்த மாதிரி. அதை எடுத்துக்கொண்டால் அந்த வரி உண்மையாகவே எளிது. எடுத்துக்கொள்ளாவிட்டால் வால் சுருங்காது, வேலி நிற்காது.

அக்கா உடனே தீவுக்காரியைத் திரையில் கூப்பிட்டாள். அங்கே அப்போதுதான் பொழுது விடிந்திருந்தது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பார்க்கக் கல்லூரி மாணவி போல இருந்தாள். அவளும் பயந்திருக்கிறாள் என்பதை அப்போதுதான் கவனித்தேன். அக்காவின் முகத்தைத் திரையில் கண்டதும், வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

உங்கள் கணினிக்குக் கண்ணாடி விதியைக் கொடுத்தீர்களா என்று அக்கா கேட்டாள்.

"இல்ல மேடம். கொடுக்கணும்னு எங்களுக்குத் தோணவே இல்ல."

"கொடுத்துப் பாரும்மா."

விதியைக் கொடுத்ததும் தீவு மறைந்துவிட்டால் அக்காவின் வேலி சரி. மறையாவிட்டால் வேலி எந்த வகையிலும் தப்பு. கணினி ஓடி முடிய எங்களுக்குச் சாயங்காலம் ஆகிவிடும் என்று அந்தப் பெண் சொன்னாள்.

அந்த மதியத்தை நான் மறக்கமாட்டேன். அக்கா கழுவி வைத்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவினாள். மைனஸ் அண்ணன் மேசைமேல் இருந்த ஊறுகாய் பாட்டிலின்மேல் ஒட்டியிருந்த தாளை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார். ஆலையிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது; எடுக்காமல் வெட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். நான் தொலைக்காட்சியைப் போட்டேன். இருவரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அணைத்துவிட்டேன்.

"மறையணும்னு நினைக்கிறியா, மறையக் கூடாதுன்னு நினைக்கிறியா?" என்று அவர் அக்காவைக் கேட்டார்.

அக்கா குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

"மறையலன்னா நம்ம கணக்கு தப்பு. மறைஞ்சா கணக்கு சரி. ஆனா கண்ணாடி விதியை விட்டுட்டுப் பார்த்திருந்தா அங்க ஒண்ணு கிடைச்சிருக்கும். ஒரு வரி எழுதாம விட்டதால எல்லாரும் கடையைக் கட்டிட்டுப் போயிட்டாங்க. நானும்தான். ரெண்டுலயும் எனக்குத் தோல்விதான்."

"நான் மட்டும் ஜெயிச்சேனா?" என்றாள் அக்கா. குழாயை மூடிவிட்டுத் திரும்பி நின்றாள். "நீயாவது போயிட்ட. நான் இத்தனை வருஷமா அந்த வேலிக்குப் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கல."

அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை. ஆனால் மைனஸ் அண்ணன் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டார். வெளியே வண்டி ஓட்டுநர் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.

விளக்குப் போடும் நேரத்தில் திரை ஒலித்தது. தீவுக்காரியின் தலையில் துண்டு அப்படியே இருந்தது. அவள் பின்னால் மற்ற இருவரும் நின்றிருந்தார்கள்.

"மறைஞ்சிடுச்சு மேடம்," என்றாள். "சுத்தமா. உங்க வேலி எங்க இருக்குன்னு சொன்னீங்களோ அங்கயே நிக்குது."

அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே போனாள். அப்படியென்றால் தீவில் இருப்பது எதுவோ, அது கண்ணாடியில் வேறாகத் தெரிகிற ஒன்று, இந்த விளிம்புகளில் அப்படி ஒன்று இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவே இல்லை, இரண்டு முடிவுகளையும் சேர்த்துத்தான் வெளியிட வேண்டும், நீங்களும் எங்களோடு சேர்ந்து எழுதுவீர்களா என்று கேட்டாள். நான் மைனஸ் அண்ணனைப் பார்த்தேன். அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் திரைக்கு அருகே நகர்ந்து, எத்தனை இலக்கம்வரை பார்த்தீர்கள், சமன்பாடுகளைக் கொஞ்சம் காட்டுங்கள் என்றார். அவர்கள் காட்டினார்கள். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் கழித்தல் குறியைத் தேடினார். எல்லாம் சரியாக இருந்தது. அதில் அவருக்குச் சற்று ஏமாற்றம்தான் என்று நினைக்கிறேன்.

திரும்பப் பெறும் அந்த மின்னஞ்சலை அக்கா சொல்லாமலேயே அழித்துவிட்டேன்.

சிறப்புரை நாளன்று அரங்கம் நிரம்பியிருந்தது. துறைத் தலைவர், எல்லாரும் கைவிட்ட காலத்திலும் நம் துறை வேலியைக் கைவிடவில்லை என்று பெருமையாகத் தொடங்கினார். மின்தூக்கி மோட்டாரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அக்கா எழுந்தாள். வேலி எப்படித் தொடங்கியது, எப்படி வளர்ந்தது என்று சொல்லிக்கொண்டு வந்தவள், நாலாவதற்கு வந்ததும் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னாள். எழுதாமல் விட்ட ஒரு அனுமானத்தையும், அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுக் கலைந்துபோனவர்களையும், வேலி போட்டவர்களே அந்த மூலை காலி என்று நம்பியதையும் சொன்னாள். துறைத் தலைவர் நாற்காலியில் நெளிந்தார்.

கேள்வி நேரத்தில் ஒரு மாணவர் எழுந்து, அப்படியானால் இத்தனை வருடமும் வீணா என்று கேட்டார். கேட்ட பிறகுதான் தான் கேட்டது அவருக்கே உறைத்தது. மன்னிப்புக் கேட்கிற மாதிரி நின்றார்.

அக்கா யோசித்தாள். "அதை நானும் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். விடை வந்தா சொல்றேன்" என்றாள்.

மைனஸ் அண்ணன் கடைசி வரிசையில், மடிப்புக் கலையாத சட்டையோடு, உரை முடியும்வரை இருந்தார். பிறகு யாரிடமும் பேசாமல் போய்விட்டார். துறைத் தலைவர் அவரை யார் என்று என்னிடம் கேட்டார். நாலாவது வேலியில் பாதி என்றேன்.

கட்டுரை ஐந்து பேர் பெயரில் வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் கீழே பணியிடத்தின் முகவரி வேண்டுமாம். அவர் சலவை ஆலையின் முகவரியைக் கொடுத்திருந்தார். பிழையாக விழுந்துவிட்டதோ என்று இதழிலிருந்து கேட்டு எழுதினார்கள். பிழை இல்லை என்று பதில் போட்டாராம்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். முடியவில்லை. அந்தக் கட்டுரை வந்த பிறகு எங்கெங்கோ இருந்து ஆட்கள் அந்த மூலைக்குப் பாய்ந்து வந்துவிட்டார்கள். செத்த துறையில் அக்காவை முந்த ஆள் இல்லை. ஒரு கணக்கை மழைக்காலத்தில் தொடங்கி வெயில் காலத்தில் முடிப்பாள். இப்போது காலையில் எழுந்ததும் நேற்று இரவு வேறு யாராவது வெளியிட்டுவிட்டார்களா என்று பார்க்கிறாள். பார்க்கும்வரை பல்கூடத் துலக்குவதில்லை. ஓய்வு பெறும் வயதில் ஒருத்திக்குப் பரீட்சைப் பயம் வந்திருக்கிறது.

அதைவிடப் பெரிய பயம் தீவைப் பற்றியது. கணக்கின் துல்லியத்தைக் கூட்டக் கூட்ட அது சிறுத்துக்கொண்டே வருகிறது. ஒரு புள்ளியாகச் சுருங்கி நின்றுவிட்டால் இயற்கையில் அப்படி ஒன்று உண்மையாகவே இருக்கிறது என்று பொருள். சுருங்கிச் சுருங்கி இல்லாமலே போய்விட்டால் அதுவும் வெறும் மயக்கம்தான். மூலை மறுபடி காலி. தீவுக்காரி இதுவரை இல்லாத துல்லியத்தில் கணினியை ஓடவிட்டிருக்கிறாள். முடிவு எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

மைனஸ் அண்ணன் தினமும் உணவு இடைவேளையில் போன் செய்கிறார். பின்னால் உருளைகள் ஓடும் சத்தத்தில் அவர் கத்துவது அடுத்த அறையில் இருக்கும் எனக்கே கேட்கும்.

"வந்துச்சா?"

"வரல."

"வந்தா உடனே சொல்லு."

"உனக்குச் சொல்லாம வேற யாருக்குச் சொல்லப்போறேன்?"

இன்று காலை அக்கா குளித்துக்கொண்டிருக்கும்போது அவள் அலைபேசியில் செய்தி வந்த சத்தம் கேட்டது. தலையைக்கூடத் துவட்டாமல், சேலையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள். பராமரிப்புப் பணிக்காக நாளை எங்கள் தெருவில் மின்சாரம் இருக்காது என்று மின்வாரியம் அனுப்பிய அறிவிப்பு அது. அவள் அதை ஒருமுறைக்கு இருமுறை படித்தாள். கூந்தலிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.